நடைபாதைக் குடும்பங்களுக்குக் காப்பகமா, வீடா? ராயபுரம் மண்டல மனு பற்றி

ராயபுரம் டீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

பாரிமுனை, சௌகார்பேட்டை, வால்டாக்ஸ் சாலை ஓரங்களில் மூன்று தலைமுறையாக நடைபாதையிலேயே குடித்தனம் நடத்தும் குடும்பங்களுக்காக ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் கவுன்சிலரிடம் கொடுத்து, அங்கிருந்து வாழ்விட மேம்பாட்டு வாரியம் வரை கொண்டுபோக எண்ணம். சாரம் இதுதான்: இவர்களுக்குக் காப்பகத்தில் படுக்கை வேண்டாம், நகருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் வீடும் வேண்டாம். ஐந்தாவது மண்டலமான ராயபுரத்துக்குள்ளேயே, இவர்களால் கட்ட முடிகிற மாத வாடகைக்கு, கதவு வைத்த வீடு வேண்டும். லட்சக்கணக்கில் பயனாளி பங்குத்தொகை கேட்கக் கூடாது.

காப்பகம் ஏன் போதாது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2009 டிசம்பர் குளிரில் டெல்லி பூசா சாலையில் இருந்த தற்காலிக இரவுக் காப்பகத்தை அங்குள்ள மாநகராட்சி அகற்றியது. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் நியமித்திருந்த ஆணையர்கள் என்.சி. சக்சேனாவும் ஹர்ஷ் மந்தரும் நீதிமன்றத்துக்கு எழுதினார்கள். 2010இல் உத்தரவுகள் வந்தன. பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், அது ஆண்டு முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதைத் திட்டமாகவே ஆக்கி, தலைக்கு 50 சதுர அடி என்று அளவும் வகுத்தது. பல உயிர்களைக் காத்த வேலை அது. உழைத்தவர்களுக்கு என் வணக்கம்.

ஆனால் அது தனி ஆளுக்குச் சரி. குடும்பத்துக்கு? ஆண்கள் காப்பகம் ஒரு தெருவில், பெண்கள் காப்பகம் வேறொரு தெருவில். கணவன் அங்கே, மனைவி இங்கே, வளர்ந்த பையன் எங்கே? அடுப்பு, குடம், பூக்கூடை, தள்ளுவண்டி எங்கே? அதனால்தான் காப்பகம் பக்கத்திலேயே இருந்தும் இவர்கள் நடைபாதையை விட்டு நகரவில்லை. மழை மாதத்தில் நோட்டு நனைந்து வரும் பிள்ளையிடம் வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை.

மனுவில் கையெழுத்துப் போடுவீர்களா? மறுப்பவர்களும் காரணம் எழுதுங்கள்.

போஸ் ரோடு கடைக்காரர்

டீச்சர், உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனாலும் கையெழுத்துப் போட மாட்டேன்.

எனக்கு இவர்கள் மேல் வெறுப்பு கிடையாது. என் கடை வாசலில் பூக்கட்டும் அம்மாவின் மாமனார் என் அப்பாவிடம் மூட்டை தூக்கியவர். நோன்பு, தீபாவளி என்றால் அவர்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தான் எங்கள் வீட்டில் சமையல். ஆனால் நடைபாதை நடப்பதற்கு. வயதானவர்கள் பஸ்ஸுக்கு நடுவே சாலையில் இறங்கி நடக்கிறார்கள். சொத்துவரி, தொழில்வரி கட்டுகிற நாங்கள் ஷட்டரைத் தூக்க ஒவ்வொரு நாளும் யாரையாவது எழுப்ப வேண்டியிருக்கிறது. அது எங்களுக்கும் நல்லதாக இல்லை, அவர்களுக்கும் மரியாதையாக இல்லை.

இப்படிப்பட்டவர்களுக்குக் கண்ணகி நகரில் வீடு கொடுத்தார்கள், செம்மஞ்சேரியில் கொடுத்தார்கள். அதை வாடகைக்கு விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்றுக்கும் பதில் சொல்லுங்கள். வியாசர்பாடியில் ஒற்றை அறைக்கு வாடகை கட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்கிற தொழிலாளி நடைபாதையைப் பிடிக்கவில்லை. அவருக்கு வீடு இல்லை, பிடித்தவருக்கு உண்டு என்றால் என்ன நியாயம்?

பெரும்பாக்கம் அக்கா

அண்ணே, திரும்பி வந்துட்டாங்கன்னு சொல்றீங்களே, ஏன் வந்தாங்கன்னு கேட்டீங்களா? நான் ஆத்தோரத்துல இருந்தவ. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் பெரும்பாக்கத்துல வீடு குடுத்தாங்க. வீடு கிடைச்சதுல எனக்கு சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். என் பொண்ணு கதவைத் தாழ் போட்டுட்டுத் தூங்குறா. அது போதும்னு ஒரு நேரம் தோணும்.

ஆனா பொழப்பு? நான் வேலை செஞ்ச வீடுங்க எல்லாம் மயிலாப்பூர்ல. காலையில ஆறு மணிக்கு வாசல் தெளிக்கணும். 2021ல இருந்து பொம்பளைங்களுக்கு பஸ் இலவசம், அது பெரிய உதவி. ஆனா போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். நாலு வீட்டு வேலை ரெண்டா குறைஞ்சது. நீங்க சொல்ற பூக்கட்டுறவங்க விடியறதுக்கு முன்னாடி பூக்கடையில நின்னு பூ வாங்கணும். அந்த நேரத்துல இங்கேருந்து எந்த பஸ்ல வருவாங்க? அவங்க வீட்டை வேணாம்னு சொல்லல அண்ணே. ரெண்டுல ஒண்ணைத்தான் வெச்சுக்க முடிஞ்சுது, சோத்தை வெச்சுக்கிட்டாங்க.

ஓய்வுபெற்ற பொறியாளர்

நகர வீட்டுவசதித் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுப்பதுதான் நோக்கம். 1971 குடிசைப் பகுதிச் சட்டப்படி சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் அறிவிக்கப்பட்டன, 1985இல் மேலும் 17. அதற்குப் பிறகு அந்தப் பட்டியல் நீளவில்லை. நடைபாதைக் குடும்பம் எந்தப் பட்டியலிலும் இல்லை, ஏனென்றால் அவர்கள் இருக்கும் இடம் 'பகுதி' கிடையாது, சாலை. 2021இல் வாரியத்தின் பெயர் வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது, இந்த ஓட்டை அடைபடவில்லை. கிராமத்துக்கு வந்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் கொடுக்கிறார்கள். அதற்குக் கிராமத்தில் மனை வேண்டும். இவர்களுக்கு ஊரும் இல்லை, மனையும் இல்லை. சென்னைதான் ஊர்.

இவ்வளவும் டீச்சர் பக்கம். இனி எதிர்ப்பக்கம். ஜார்ஜ் டவுனில் காலிமனை என்று எதைக் காட்டுவீர்கள்? வாடகை என்கிறீர்கள், யார் வசூலிப்பது? பல ஆண்டுத் தவணை பாக்கியை வசூலிக்க முடியாமல் வாரியமே தவிக்கிறது. வசூல் இல்லையென்றால் பராமரிப்பு இல்லை, பத்து வருடத்தில் கட்டடம் பழுது. புதிதாகக் கட்டிய புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பிலேயே 2021இல் சுவர்ப்பூச்சு கையோடு உதிர்ந்ததை நாடே பார்த்தது.

என் யோசனை: காப்பகத் திட்ட வழிகாட்டுதலிலேயே குடும்பக் காப்பகம் என்று ஒரு வகை இருக்கிறது. மாணவர் குறைந்து மூடிய பள்ளிக் கட்டடங்களை அறை அறையாகத் தடுத்து அதைச் செய்யலாம். ஒரு வருடத்தில் முடியும். உங்கள் வாடகை வீட்டுக்குப் பத்து வருடம் ஆகும். அதுவரை அந்தப் பெண் பிள்ளைகள் எங்கே தூங்குவார்கள்?

ராயபுரம் டீச்சர்

ஐயா, கடைசிக் கேள்வி நியாயமானது. இடைக்கால ஏற்பாடாகக் குடும்பக் காப்பகத்தை மனுவில் சேர்க்கிறேன். ஆனால் 'இடைக்காலம்' என்பதற்கு முடிவு தேதி எழுதாமல் சேர்க்க மாட்டேன். சென்னையில் தற்காலிகக் குடியிருப்பு என்று தகரக் கொட்டகையில் போய் வருடக்கணக்கில் கிடந்தவர்கள் எத்தனை பேர்!

கடைக்காரர் அண்ணா, வியாசர்பாடித் தொழிலாளி பற்றிக் கேட்டீர்கள். அவருக்கும் வேண்டும் என்றுதான் சொல்கிறேன். நடைபாதைக் குடும்பத்துக்கு ஒரு வாசல் திறந்தால் அவருக்கு மூடிவிடும் என்று ஏன் நினைக்க வேண்டும்? ஊரடங்கில் புலம்பெயர் தொழிலாளர்கள் நடந்தே ஊர் போனதைப் பார்த்த பிறகு, 2020 ஜூலையில் மத்திய அரசே மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டம் கொண்டுவந்தது. நகரத்தில் வாடகை வீடு கட்டுவது அரசின் வேலை என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. அதில் முதலில் யார் என்பதுதான் கேள்வி. கூரையே இல்லாதவர் முதலில்.

'பிடித்தவர்' என்ற சொல் வேண்டாமே அண்ணா. 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்பை இழந்தால் வாழ்வையே இழக்கிறார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு சென்னைக் குடிசைவாசிகளுக்கும் நடைபாதைவாசிகளுக்குமான வழக்கும் அங்கே முடிவானது. அதைத் தொடுத்தவர் அப்போது வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு. நாற்பது வருடமாக இந்த ஊர் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி இது. 2019இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் தெருவோரக் குழந்தைகளுக்கான கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்ற தென்னிந்திய அணியில் வடசென்னைப் பிள்ளைகள் ஆடினார்கள். நாம் எல்லோரும் கைதட்டினோம். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வீடு கேட்கும்போது மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

ஹெல்சிங்கி தமிழன்

நான் இருக்கும் ஊரின் அனுபவத்தைச் சொல்கிறேன், பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். 1987இல் பின்லாந்தில் வீடற்றோர் 18,000க்கு மேல். 2023 கடைசியில் 3,429. முதலில் இங்கேயும் காப்பகம்தான் கட்டினார்கள். 2008க்குப் பிறகு அரசு, நகராட்சிகள், தொண்டு நிறுவனங்கள் ஒரே திட்டத்தில் கையெழுத்துப் போட்டு, காப்பகங்களையே வீடுகளாக மாற்றத் தொடங்கினார்கள். ஹெல்சிங்கியில் சால்வேஷன் ஆர்மி நடத்திய, 200க்கு மேல் படுக்கை கொண்ட காப்பகம் இன்று எண்பது சொச்சம் தனி வீடுகள். குடியிருப்பவர் பெயரிலேயே வாடகை ஒப்பந்தம். குடியை நிறுத்து, வேலை தேடு, அப்புறம் வீடு என்ற நிபந்தனை கிடையாது. முதலில் சாவி.

வாடகை வசூல் பற்றி ஐயா கேட்டார். இங்கே அரசின் வீட்டு உதவித்தொகை வாடகையில் பெரும்பகுதியைத் தாங்குகிறது. சமீபத்தில் அரசு அந்த உதவித்தொகையை வெட்டியது. 2024இல் எண்ணிக்கை 3,806 ஆக ஏறிவிட்டது. பல வருடங்களுக்குப் பிறகு முதல் ஏற்றம். கட்டடத்தை மட்டும் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

போஸ் ரோடு கடைக்காரர்

தம்பி, உங்கள் நாட்டின் மொத்த மக்கள்தொகையே 56 லட்சம். சென்னை அதைவிடப் பெரிது. உதவித்தொகை கொடுக்க அங்கே வரி வசூல் இருக்கிறது. இங்கே நடைபாதையில் இருந்தால் வீடு என்று அறிவித்துப் பாருங்கள், அடுத்த மாதம் எத்தனை பேர் பாய் விரிப்பார்கள்?

மீட்பு மையப் பணியாளர்

கடைக்காரர் சாருக்கு: யார் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் உண்டு. பல குடும்பங்களின் வாக்காளர் அட்டையிலும் ரேஷன் அட்டையிலும் அந்தத் தெருப் பெயரே இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. ஒரு தேதியை வைத்துப் பெயர்ப் பட்டியல் எடுத்தால் புதிதாகப் பாய் விரிப்பவர் அதில் வர முடியாது.

டீச்சரிடம் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. 'காப்பகத்தில் படுக்கை வேண்டாம்' என்ற வரி மனுவில் அப்படியே இருந்தால் நான் எதிர்ப்பேன். தெருவில் இருப்பவர்கள் எல்லோரும் குடும்பம் இல்லை. பேச்சே மறந்துபோன பெண்கள், பிள்ளைகள் விரட்டிய முதியவர்கள், அடிபட்டு வேலை இழந்தவர்கள், ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிக்காகக் காத்துக் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு இன்று இரவே படுக்கை வேண்டும். தெருவில் ஆதரவற்றுக் கிடப்பவர்களை மீட்க 2021இல் சென்னைக் காவல்துறை தொடங்கிய 'காவல் கரங்கள்' மாநகராட்சியோடும் தொண்டு நிறுவனங்களோடும் சேர்ந்து இயங்குவதால்தான் நள்ளிரவில் ஒருவரைக் கூட்டிவந்து எங்கே சேர்ப்பது என்ற திண்டாட்டம் குறைந்திருக்கிறது. காப்பகம் வேண்டாம் என்று மக்களே மனுக் கொடுத்தார்கள் என்று நாளை யாராவது கோப்பில் குறிப்பு எழுதினால், நிதி போய்விடும்.

அதே நேரம் வீடு என்பதில் உங்களோடு நிற்கிறேன். 1993இல் சென்னையில் தொடங்கிய 'பேன்யன்' அமைப்பு, மனநலம் குன்றித் தெருவில் அலைந்து, சிகிச்சைக்குப் பிறகும் போக்கிடம் இல்லாத பெண்களை நாலைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்துக் குடிவைக்கிறது. பக்கத்து வீட்டில் குழம்பு வாங்கி, கோயிலுக்குப் போய் வாழ்கிறார்கள். இவர்களால் முடிகிறது என்றால் பூ விற்றுப் பிள்ளை வளர்த்த குடும்பத்தால் முடியாதா?

ராயபுரம் டீச்சர்

அந்த வரியை மாற்றுகிறேன். 'தனி நபர்களுக்கான காப்பகங்கள் குறையாமல் தொடர வேண்டும். குடும்பங்களுக்கு வீடே தீர்வு' என்று இருக்கும். சரியா?

ஓய்வுபெற்ற பொறியாளர்

அது சரி. இன்னும் இரண்டு வேலை செய்யுங்கள். ஐந்தாவது மண்டலத்திலும் பக்கத்து மண்டலங்களிலும் வாரியக் குடியிருப்புகளில் ஒதுக்கப்படாமல் கிடக்கும் வீடுகள் எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மூலகொத்தளம் மாதிரி வடசென்னைக்குள்ளேயே கட்டிய குடியிருப்புகளைத் தனியாகக் கேளுங்கள். மனை எங்கே என்ற என் கேள்விக்குப் பாதிப் பதில் அதில் கிடைக்கலாம்.

அடுத்தது, பெயர்ப் பட்டியலை நீங்களே எடுங்கள். 2011 கணக்கெடுப்பு நாடு முழுக்க 17.73 லட்சம் பேரை வீடற்றோர் என்று பதிவு செய்தது. பிப்ரவரி 28 ஒரே இரவில் எண்ணியது. 2027இல் மறுபடி எண்ணுவார்கள். அதற்கு முன்பே உங்கள் கையில் பட்டியல் இருந்தால், விட்டுப்போன பெயரைக் காட்டிக் கேட்கலாம். வாடகை வசூல் பற்றிய என் சந்தேகம் அப்படியேதான் இருக்கிறது. குடியிருப்போர் சங்கத்தின் கையில் வசூலையும் பராமரிப்பையும் கொடுக்கிற ஏற்பாடு மனுவில் இல்லாவிட்டால் என் கையெழுத்து இல்லை.

பெரும்பாக்கம் அக்கா

சங்கம் வெக்கறது நாங்க பண்ணுவோம் சார். இங்க எங்க பிளாக்ல பொம்பளைங்க சேர்ந்து தண்ணி மோட்டார் காசு வசூல் பண்றோம். தர முடியாத மாசம் சொல்லிட்டு அடுத்த மாசம் சேர்த்துத் தருவாங்க. யாரும் ஏமாத்தல. பட்டியல் எடுக்கும்போது பகல்ல போகாதீங்க டீச்சர். எல்லாரும் வேலைக்குப் போயிருப்பாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு மேல போங்க, கூட ரெண்டு பொம்பளைங்க இருக்கட்டும்.

போஸ் ரோடு கடைக்காரர்

வீடு கேட்கும் மனுவில் இப்போதும் கையெழுத்துப் போட மாட்டேன். நடைபாதை எப்போது காலியாகும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் பட்டியல் எடுக்க வாருங்கள். என் கடை வரிசையில் யார் எந்தப் படியில் தூங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும், கூட வருகிறேன். இன்னொன்று, கட்டணக் கழிப்பறையை இவர்களுக்கு இலவசமாக்கச் சொல்லி ஒரு தனி மனுப் போட்டால் எங்கள் வியாபாரிகள் சங்கத்திலும் கையெழுத்து வாங்கித் தருகிறேன்.

ராயபுரம் டீச்சர்

தனி மனுவாகவே போடுகிறோம் அண்ணா. நடைபாதை பற்றிய வரியையும் எழுதுகிறேன்: சாவி கைக்கு வந்த குடும்பம் அந்த மாதமே இடத்தைக் காலி செய்யும், சாவி வராத குடும்பத்தை யாரும் அப்புறப்படுத்தக் கூடாது. இரண்டாவது பாதியை நீங்கள் ஒப்புக்கொண்டால் முதல் பாதிக்கு நான் அவர்களிடம் பேசுகிறேன். திருத்திய மனுவை ஞாயிற்றுக்கிழமை இங்கேயே போடுகிறேன்.