நோன்புக்கு முந்திய நாட்களில் மனதில் தங்கிய ஒருவர்: எழுதுங்களேன்

அஸ்ஸலாமு அலைக்கும். ரமலானுக்கு முந்திய ஷஃபான் மாதத்துப் பராஅத் இரவு முடிந்து ஒரு வாரம் ஆகிறது. வீடுகளில் ஒட்டடை அடிப்பதும் மிளகாய், மல்லி காயவைப்பதுமாக நோன்பு வருகிற வாசம் தொடங்கிவிட்டது. இந்த நாட்களில் நீங்கள் சந்தித்த, மறக்க முடியாத ஒருவரைப் பற்றி இங்கே எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

எனக்கு ஊர் அதிராம்பட்டினம். சின்ன வயதில் மாலை அஸர் தொழுகை முடிந்ததும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடி, நோன்பு திறக்கும் கஞ்சிக்கு வரிசையில் நிற்போம். காய்ச்சுகிறவரை அப்போதிருந்தே தெரியும். தெரியும் என்றால், அவருடைய கஞ்சியைத் தெரியும், அவ்வளவுதான். அவரிடம் நின்று நாலு வார்த்தை பேசியதில்லை.

போன வருஷம் ஷஃபான் கடைசி வாரம், மவுத்தாகிப் போன வாப்பா பேரில் ஒரு நாள் கஞ்சிச் செலவைக் கொடுக்கப் பள்ளிக்குப் போனேன். பாங்கு சொல்லும் மோதினார் வெளியே போயிருந்தார். பின்பக்கம் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் இவர், ஈயம் பூசி வந்த தேக்சா என்கிற பெரிய கஞ்சிப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் போட்டு, தேங்காய் நாரும் சாம்பலுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த இடத்தை விரல் முட்டியால் தட்டி, காது கொடுத்துக் கேட்கிறார். எங்காவது விரிசல் விட்டிருந்தால் சத்தம் மாறுமாம். முழங்கை வரைக்கும் பழைய தீக்காயத் தழும்புகள்.

"என்ன மாமா, ஒரு வாரம் முந்தியே ஆரம்பிச்சிட்டீங்க?" என்று கேட்டேன். அதற்கப்புறம் நான் கேட்காமலே நிறையச் சொன்னார். நொய் அரிசி எவ்வளவு, பாசிப்பருப்பு எவ்வளவு, வெந்தயம் கூடினால் கசக்கும், குறைந்தால் வயிறு குளிராது. மதியம் ளுஹர் தொழுததும் அடுப்பு மூட்டினால்தான் அஸருக்கு இறக்க முடியும். தேங்காய்ப்பால் கடைசியில்தான், அதை ஊற்றியபிறகு துடுப்பை நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். இதெல்லாம் சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்கணும்.

பேச்சுவாக்கில், "நோன்பு வச்சுக்கிட்டு அந்த அனல்ல நிக்கிறது சிரமமில்லையா மாமா?" என்றேன். கை நின்றுவிட்டது. தலையைத் தூக்காமல் சொன்னார்: "நான் நோன்பு வச்சு ஏழு வருஷம் ஆச்சு தம்பி. சக்கரை. ஊசி போட்டுக்கிறேன். வைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நோன்புக்குப் பதிலா ஏழைக்குச் சாப்பாடு, ஃபித்யா கொடுத்துட்டிருக்கேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரே தொடர்ந்தார். "மொத வருஷம் அழுதேன். விடியுமுன்ன சஹர் சாப்பாட்டுக்கு எல்லாரும் எந்திரிக்கிறப்ப நான் மட்டும் படுத்துக் கிடந்தேன். அப்புறம் ஒரு நாள் கஞ்சில உப்பு குறைஞ்சு போச்சு. நோன்பு வச்சவங்க வாயில வச்சுப் பார்க்கத் தயங்குவாங்க, நான் பார்க்கலாமே! அன்னியிலேருந்து உப்புப் பார்க்கிறது நான்தான். நோன்பு வைக்க முடியாதவனுக்கும் அல்லாஹ் ஒரு வேலை வச்சிருக்கான், அல்ஹம்துலில்லாஹ்."

நோன்பாளி ஒருவர் நோன்பு திறக்க உணவளிப்பவருக்கு, அந்த நோன்பாளியின் கூலியில் எதுவும் குறையாமல் அதே அளவு கூலி உண்டு என்ற நபிமொழியைப் பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். தேய்த்துக்கொண்டிருந்த அந்தக் கைகளைப் பார்த்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து குர்ஆன் தர்ஜமாவை (மொழிபெயர்ப்பை) எடுத்தேன். நோன்பு கடமை என்று சொல்லும் 2:183 வசனம், நீங்கள் இறையச்சம் உடையவர்களாகலாம் என்று முடிகிறது. அதற்கு இரண்டு வசனம் தள்ளி 2:185. ரமலானைப் பற்றிச் சொல்லி, நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை கொடுத்து, அல்லாஹ் உங்களுக்கு இலகுவைத்தான் நாடுகிறான் என்று சொல்லிவிட்டு, நீங்கள் நன்றி செலுத்தலாம் என்று முடிகிறது. எத்தனை ரமலானில் ஓதியிருப்பேன்! சலுகை சொன்ன இடத்தில் நன்றி வருகிறது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

*

சென்னையிலிருந்து ஒரு சகோதரி:

வ அலைக்கும் ஸலாம். படித்ததும் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஷஃபான் என்றால் கழா நோன்பு மாதம். பெண்களுக்குத் தெரியும், ஒவ்வொரு ரமலானிலும் சில நோன்பு விட்டுப்போகும். பிறகு வைக்கலாம் என்று தள்ளித் தள்ளி, அடுத்த ரமலான் வாசலுக்கு வந்தபிறகுதான் பதறுவோம். விட்டுப்போன நோன்புகளைத் தம்மால் ஷஃபானில்தான் வைக்க முடிந்தது என்று நபியவர்களின் துணைவி ஆயிஷா நாயகி அவர்களே சொன்னது புகாரி ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

ரமலானில் நோன்பு வைப்பது ஒரு விதத்தில் சுலபம். வீடே சேர்ந்து வைக்கும், தெருவே விழித்திருக்கும். கழா நோன்பு அப்படியில்லை. சஹருக்குத் தனியாக எழுந்து, அடுப்படி விளக்கை மட்டும் போட்டு, பிள்ளைகள் முழித்துவிடக் கூடாதென்று சத்தமில்லாமல் ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்கு ஓட வேண்டும்.

போன வாரம் அப்படித்தான். எங்கள் ஆபீசில் டீ கொண்டு வரும் அக்கா, நான் ரெண்டு தடவையும் வேண்டாம் என்றதும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சலா பாப்பா?" நோன்பு என்றேன். "ரம்ஜான் இன்னும் வரலையே?" போன வருஷத்துப் பாக்கி அக்கா என்றேன். "கடனா? அப்ப அடைச்சுத்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவருக்கு வேலை அஞ்சரைக்கு முடியும். நான் அன்றைக்கு ஏழு மணி வரை இருக்க வேண்டியிருந்தது. பாங்கு நேரத்துக்குப் பையில் பேரீச்சம்பழத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். மேஜையில் ஒரு டம்ளர் தண்ணீர், தட்டு போட்டு மூடிய டீ. அக்கா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "நீ எத்தன மணிக்கு குடிப்பன்னு கேக்க மறந்துட்டேன். அதான் இருட்டுற வரைக்கும் இருந்தேன்" என்றார்.

மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவராக மாட்டார் என்பது ஹதீஸ். நான் அன்றைக்குத் தேங்க்ஸ் என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது. முதல் நோன்பன்று அக்கா வீட்டுக்குக் கஞ்சி கொண்டு போகப் போகிறேன், இன்ஷா அல்லாஹ்.

*

ஷார்ஜாவிலிருந்து ஒரு சகோதரர்:

எங்கள் அறையில் ஆறு பேர். வருஷா வருஷம் ஷஃபானில் காசு சேர்த்து ஊர்ப் பள்ளிக்கு ஒரு நாள் கஞ்சிச் செலவு அனுப்புவோம். எங்களில் சம்பளம் குறைவானவர் கட்டடம் கழுவும் பையன். இந்தத் தடவை முதலில் கொடுத்தவர் அவர்தான். யார் பெயரில் எழுதச் சொல்ல என்று கேட்டதற்கு, "உம்மா பேர்ல காக்கா (அண்ணா). நான் ஊருக்குப் போயி நாலு நோன்பு ஆச்சு. உம்மாவாச்சும் குடிக்கட்டும்" என்றார். தூக்குவாளியைப் பற்றி நீங்கள் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

*

தொடங்கியவர்:

ஜஸாகல்லாஹு கைரன். சகோதரி, அந்த அக்காவுக்கு என் ஸலாமைச் சொல்லுங்கள்.

நேற்று அஸருக்கு அப்புறம் பள்ளிக்குப் போனேன். மாமா போன வருஷத்தைவிட மெலிந்திருக்கிறார். கண்ணும் கொஞ்சம் மங்கல் என்றார். இந்தத் தடவை தேக்சாவை நான் தேய்க்கிறேன் என்று உட்கார்ந்தேன். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, விளிம்புக்குக் கீழே விரலை ஓட்டிப் பார்த்து, "இங்க விட்டுட்டீங்க தம்பி" என்று மூன்று தடவை திரும்பத் தேய்க்கச் சொன்னார். இன்னும் ரெண்டு தேக்சா பாக்கி. இன்றைக்கும் போகணும்.