வாழப்பாடி சொந்தங்கள் குழு: நடுங்கும் குட்டிகள்

செல்வம் மாமா: கவிதா, ராத்திரி ஈன்ற வெண்பன்றிக் குட்டிகளில் பாதிக்கு உடம்பெல்லாம் நடுக்கம். காம்பைப் பிடித்தாலும் நழுவிவிடுகிறது. குளிரோ என்று பல்பு போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை.

சாந்தி சித்தி: ஐயோ அண்ணா, நிபாவாக இருக்கப் போகிறது! கேரளாவில் வந்ததே!

பாலு: அது வௌவால் சித்தி, கேரளாவில் பன்றிக்குச் சம்பந்தமே இல்லை.

கவிதா: பன்றி வழியாகப் பரவியது மலேசியாவில், 1998-99இல். நூறு பேருக்கு மேல் இறந்து, பத்து லட்சம் பன்றிகளுக்கு மேல் அழித்தார்கள். அங்கே பன்றிகளுக்குக் காய்ச்சலும் குரைப்பது போன்ற இருமலும் வந்தது, பிறந்த குட்டி மட்டும் நடுங்கிய கதை இல்லை. மாமா, தூங்கும்போது நடுங்குகிறதா? தலையீற்றா?

செல்வம் மாமா: தலையீற்றுதான். தூங்கினால் அடங்கிவிடுகிறது, எழுந்தால் ஆரம்பம். தாய் நன்றாகத் தின்கிறது.

கவிதா: அப்படியென்றால் தாய் வயிற்றில் இருக்கும்போதே பிடித்த நடுக்கம் மாதிரித்தான் தெரிகிறது. அதற்குக் காரணம் பெஸ்டிவைரஸ் என்ற ஒருவகை வைரஸ், 2015இல்தான் கண்டுபிடித்தார்கள். சினையில் தாய்க்குத் தொற்றினால் குட்டியின் நரம்பைச் சுற்றியிருக்கும் உறை சரியாக வளராது, தாய்க்கு ஒன்றும் தெரியாது. மருந்து இல்லை. ஆனால் குட்டி சாவது பெரும்பாலும் பால் குடிக்க முடியாமல்தான், அதனால் பிடித்துக் காம்பில் வையுங்கள், முடியாததற்குச் சீம்பாலைக் கறந்து ஊட்டுங்கள், அதை இன்றைக்கே செய்யணும். தேறிவிட்டால் சில வாரங்களில் நடுக்கம் குறையும்.
ஆனாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள், ஸ்வைன் ஃபீவர் வைரஸாலும் (ஸ்வைன் ஃப்ளூ வேறு) இப்படி நடுங்கும் குட்டி பிறக்கும். அது மனிதருக்கு வராது, பண்ணையைத்தான் காலி பண்ணிவிடும்.

சாந்தி சித்தி: பன்றியால் மூளைக்காய்ச்சல் வரும் என்று டிவியில் சொன்னார்களே?

கவிதா: ஜப்பானிய மூளைக்காய்ச்சல் சித்தி. தொட்டால் வராது, கொசு கடித்துத்தான் வரும். வைரஸ் பன்றி உடம்பில் பெருகும், அங்கிருந்து வயல் தண்ணீரில் வளரும் கொசு எடுத்துக்கொண்டு போகும். வளர்ந்த பன்றி பெரும்பாலும் நோயே காட்டாது, சினைப்பன்றிதான் செத்த குட்டி போடும். இந்தியாவில் 1955இல் மனிதரிடம் முதலில் தெரிந்ததே நம் வேலூர்ப் பக்கம்தான்.

செல்வம் மாமா: செத்துப் பிறந்தது இரண்டு இருந்தது. புதைத்துவிட்டேனே.

கவிதா: அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள் மாமா. ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் எதுவென்று உறுதியாகும். அதுவரை பன்றி எதையும் விற்காதீர்கள், வெளியிலிருந்தும் வாங்காதீர்கள்.

செல்வம் மாமா: சரி. டேய் பாலு, குட்டிகளைப் பிடிக்க ஆள் வேண்டும், எங்கே இருக்கிறாய்?

பாலு: அயோத்தியாப்பட்டணம் தாண்டிவிட்டேன் மாமா. வரும்போது கையுறை வாங்கி வரவா?