மறு: மறு: 'லேட்டன்சி'க்குத் தமிழ்? (கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

வணக்கம். வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யும் மாணவர்களுக்கான கையேட்டில் ஒரே ஒரு சொல் நிற்கிறது. மைக்கில் பாடிய குரல் கணினிக்குள் போய் ஹெட்போனுக்குத் திரும்பி வர ஆகும் நேரத்தை என்னவென்று எழுதுவது? நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் அளவீடு), பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் சாம்பிள் தொகுதி) 512 என்றால் ஒரு பஃபருக்கே சுமார் 11.6 மில்லிநொடி. உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று; பாடுபவர் தாளம் தடுமாறுகிறார். 'தாமதம்' என்று எழுதலாம்தான். ஆனால் அடுத்த பக்கத்திலேயே, ஒலியை எதிரொலி போலப் பிந்தி ஒலிக்கவைக்கும் டிலே எஃபெக்ட் வருகிறது. அது நாமே விரும்பிப் போடுவது, இது வேண்டாமல் வந்து ஒட்டுவது.

* * *

லேட்டன்ட் ஹீட்டை உள்ளுறை வெப்பம் என்கிறோமே, அதை ஒட்டி 'உள்ளுறைவு'? லத்தீன் வேரும் ஒளிந்திருத்தல்தான். தொல்காப்பியரின் உள்ளுறை உவமத்தையும் நினைவில் கொள்க.

* * *

> லத்தீன் வேரும் ஒளிந்திருத்தல்தான்

இங்கே என்ன ஒளிந்திருக்கிறது ஐயா? பாடுபவர் காதிலேயே விழுகிறதே! 'சுணக்கம்' போதும். வேலை சுணங்குகிறது என்று எல்லோரும் சொல்கிறோம்.

* * *

சங்கப் பாட்டில் சுணங்கு என்றால் தேமல். நிகண்டில் சுணங்கன் என்றால் நாய். குறள் 671 இருக்கும்போது நமக்கு ஏன் இந்த வறுமை? 'தாழ்ச்சியுள் தங்குதல் தீது': தாழ்ச்சி என்றால் காலம் நீட்டித்தல். அடுத்த குறளிலேயே 'தூங்குக' என்பதற்கும் அதே பொருள். அதிலிருந்து 'தூங்கல்' என்றும் ஆக்கலாம், யாப்பில் தூங்கலோசைகூட உண்டு...

* * *

தூங்கல் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். 'தாழ்ச்சி' என்று படிக்கும் மாணவன் ஒலி தாழ்ந்துவிட்டது என்று கெயினை (ஒலி அளவைக் கூட்டும் திருகை) ஏற்றுவான், சத்தம் உடைந்து போகும். திரையில் இருப்பது லேட்டன்சி, அப்படியே எழுதுங்கள். பஃபரைக் குறைத்தால் இது குறையும், ரொம்பக் குறைத்தால் ஒலி படபடவென்று வெடிக்கும் என்பதைப் புரியவைப்பதுதான் பாடம். அப்புறம், பஃபருக்கு 'இடையகம்' போட்டிருக்கிறீர்களா?

* * *

போட்டிருக்கிறேன். அந்தச் சண்டையை அடுத்த வாரம் வைத்துக்கொள்வோம். இப்போதைக்குச் 'சுணக்கம்', முதலில் வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் லேட்டன்சி. பெரும்பாலோர் சரி என்கிறார்கள், அல்லது களைத்துவிட்டார்கள்.

* * *

என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். தாழ்ச்சிக்கு உரைகளைத் தேடி எடுத்து இரவுக்குள் அனுப்புகிறேன். சுணங்கனுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.