முறுக்குக்கு 12, அதிரசத்துக்கு 5

காரைக்குடி மருமகள்:
2023இல் நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் பலகாரம் வாங்கப் போனேன். பழகின கடைதான். பில்லைப் பார்த்தால் அதிரசத்துக்கு ஜிஎஸ்டி வரி 5 சதவீதம், கைமுறுக்குக்கும் சீப்புச் சீடைக்கும் 12. எல்லாம் ஒரே அடுப்படியில் வெந்தவை. "ஏன் ஆச்சி இப்படி?" என்றேன். "அதிரசம் இனிப்புக் கணக்கு, முறுக்கு காரக் கணக்கு. அதுவும் கவரில் கட்டிப் பேர் ஒட்டினால்தான் 12. டின்னிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்தால் அதுக்கும் 5தான்" என்றார்.

சரி, அள்ளியே போடுங்கள் என்று தூக்குகளில் வாங்கி வந்தோம். ராத்திரி வளவில் உட்கார்ந்து ஓலைக் கொட்டான்களில் நாங்களே அடுக்கினோம். பாதிச் சீடை பிள்ளைகள் வாய்க்குள் போய்விட்டது. வரியில் மிச்சம் பிடித்த காசுக்கு அது சரியாப் போச்சு!

சுத்தமாகக் கட்டி, தேதி போட்டு விற்கிறவருக்குக் கூடுதல் வரி என்பதுதான் எனக்கு உறுத்தியது. வீட்டில் முறுக்கு சுற்றிக் கொஞ்சம் தலையெடுக்கிற பெண்கள் வெளியூர்க் கடைகளுக்குப் போட வேண்டுமானால் கவரும் லேபிளும் இல்லாமல் முடியுமா?

தேவகோட்டை அரிசிக்கடை:
எங்கள் கடையிலும் இதே கூத்துதான். 2022 ஜூலை 18 முதல் பேர் போட்டுக் கட்டிய அரிசிக்கு 5 சதவீதம், 25 கிலோ வரைக்கும். அப்புறம் பார்த்தால் மில்லிலிருந்து 26 கிலோ மூட்டை வருகிறது! ஒரு கிலோ கூடினால் வரி இல்லை. ஆள்கட்டு உள்ள வீட்டில் மூட்டையாக இறக்குகிறார்கள், வரி கிடையாது. தனியாக இருக்கும் ஒரு அப்பத்தா மாதம் ஒரு ஐந்து கிலோ பைதான் வாங்குவார். வரி அவர் தலையில். சில்லறையாக நிறுத்து வாங்குங்கள், வரி இல்லை என்று சொல்லியும் பார்த்தேன். "பையில இருக்கிறதுல கல்லு கிடக்காதுப்பா" என்கிறார். கண் தெரியாதவருக்கு நான் என்ன சொல்ல?

பள்ளத்தூர்ப் பெண்:
2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது குங்குமம், பொட்டு, கண்ணாடி வளையலுக்கு வரி இல்லை. மாதவிடாய் நாப்கினுக்கு 12. மறு வருடம் ஜூலையில்தான் அந்த வரியை எடுத்தார்கள். எங்கள் ஆயா அன்றைக்குக் கேட்டது: "வளையல் இல்லாம ஒரு மாசம் இருந்துரலாம். அது இல்லாம இருக்க முடியுமாடி?"

கோட்டையூர் பெரியவர்:
வரியே கூடாது என்கிற பேச்சு எனக்கு ஒப்பாது. 1939இல் ராஜாஜி சென்னை மாகாணத்தில் விற்பனை வரி கொண்டுவந்ததே மதுவிலக்கால் விழுந்த பள்ளத்தை அடைக்கத்தான். ரோட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காசு வேறெங்கே கிடைக்கும்? ஆனால் தங்கத்துக்கு 3, கட்டின முறுக்குக்கு 12 என்றிருந்ததை என்னாலும் ஜீரணிக்க முடியவில்லை. (நம் பக்கம் கல்யாணங்களில் இரண்டும் சம அளவில் புரள்கின்றன, அது வேறு கதை.)

2025 செப்டம்பர் 22இல் கட்டின முறுக்கும் 5க்கு இறங்கியது. மறு வாரமே கடைக்குப் போனேன். பாக்கெட் அதே 70 ரூபாய். "வரி குறைஞ்சிருச்சே ஆச்சி?" என்றேன்.

"எண்ணெய் குறையலையே அண்ணே" என்றபடி கவரை நீட்டினார்.