புதுப்பிப்பு: லடாக்கில் ப்ரீபெய்ட் சிம் இயங்குமா?

லே நகரிலும் சுற்றுப்புறங்களிலும் பத்து நாட்கள் தங்கும்போது எங்கள் ப்ரீபெய்ட் சிம்கள் இயங்குமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பிற மாநிலங்களில் வாங்கிய ப்ரீபெய்ட் இணைப்புகள் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் இயங்குவதில்லை என்றும், புறப்படும் முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடுமாறும் ஒருவர் கூறிய யோசனைதான் கைகொடுத்தது. சென்னையிலேயே, எண் மாறாமல், ஓடிபி வழியாக என் இணைப்பை மாற்றிக்கொண்டேன். லே விமான நிலையத்தில் இறங்கியதுமே சிக்னல் கிடைத்தது.

மனைவியின் எண்ணை மட்டும், விடுதியின் வைஃபை போதும் என்ற மற்றொரு யோசனையை நம்பி, ப்ரீபெய்டாகவே விட்டிருந்தோம். வைஃபை ஓரளவு நன்றாகவே இருந்தது. ஆனால், அட்டை வழியாக விடுதிக் கட்டணம் செலுத்த முயன்றபோது, வங்கியின் ஓடிபி குறுஞ்செய்தியாக அந்த உயிரற்ற சிம்முக்கே போக வேண்டியிருந்ததால், இணையம் இருந்தும் பணம் செலுத்த முடியவில்லை என்பதை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. வங்கிக் கணக்குடன் இணைந்த எண்ணை முதலில் மாற்றுங்கள்.

பாங்காங் ஏரிக்கரையில் நாங்கள் தங்கிய இடத்தில் என் போனிலும் சிக்னல் இல்லை. முன்பே தரவிறக்கி வைத்திருந்த வரைபடம்தான் உதவியது.

ஓடிபி முறையில் மாறியவர் மீண்டும் ப்ரீபெய்டுக்குத் திரும்ப முன்பெல்லாம் 90 நாட்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2025-இல் தொலைத்தொடர்புத் துறை அதை 30 நாட்களாகக் குறைத்தது. நான் இன்னும் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறேன்.