திருநெல்வேலித் தார்சா வீடு, 1:12 அளவில்: ஓடு, சிவப்புத் தரை, வளையும் பலகை

சிற்றளவு வீடுகள் செய்கிறவர்களின் உரையாடல் இது. ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.

தார்சா (கேள்வி)

எங்கள் ஆச்சி வீட்டை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது கடைகள். என்னிடம் இருப்பவை நான்கைந்து புகைப்படங்களும், என் சித்தி காகிதத்தில் வரைந்து தந்த அளவுகளும்தான். அவற்றை வைத்து வீட்டைச் சிறிய அளவில் கட்டத் தொடங்கியிருக்கிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்து நீள வீடு அது. திண்ணை, நடை, தார்சா (முன்கூடம்), பட்டாசல் (நடுக்கூடம்), இரண்டாங்கட்டு, அடுக்களை, மங்களா, புறவாசல் என்று ஒரே கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். பதினைந்தடி அகலம், எண்பதடி நீளம். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று 1:12 கணக்கில் முழு வீட்டையும் கட்டினால் ஆறடி எட்டு அங்குலம் வரும். என் அடுக்குமாடி வீட்டில் அதற்கு இடமில்லை. 1:24 அளவில் கட்டினால் நாற்பது அங்குலத்தில் முடிந்துவிடுமே என்று சிலர் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. வாசல் கதவின் தாழ்ப்பாள் உண்மையாகவே நகர வேண்டும். அந்த அளவில் என் விரல்களுக்கு அது முடியாது. அதனால் திண்ணையிலிருந்து தார்சா வரை முன்பகுதி மட்டும், இருபத்தைந்து அங்குலம், 1:12 அளவிலேயே என்று முடிவு செய்துவிட்டேன்.

இதுவரை நான் செய்தவை கொலுவுக்கான கடைத்தெரு, டீக்கடை, கிணற்றடி போன்றவை. ஐஸ்கிரீம் குச்சி, அட்டை, ஃபெவிகால் இருந்தால் போதும். கொலுவை யாரும் நான்கடி தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள். இந்த வீட்டை முகத்தருகே கொண்டுவந்து பார்ப்பார்கள், முதலில் என் சித்தி. எனவே புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன. இப்போது மூன்று இடங்களில் நிற்கிறேன்.

ஒன்று, கூரை. சீமை ஓடு இல்லை, அரைவட்டமான நாட்டு ஓடு. நெளி அட்டைக்குச் சிவப்பு வண்ணம் அடிப்பதுதான் எல்லோரும் காட்டும் வழி. அதில் ஓடு என்கிற உணர்வே வரவில்லை.

இரண்டு, தார்சாவின் சிவப்புத் தரை. வார்னிஷ் அடித்தால் பிளாஸ்டிக் விரிப்புபோல் மின்னுகிறது. அடிக்காவிட்டால் செங்கல் பொடியாகத் தெரிகிறது.

மூன்று, சுவர். 3 மி.மீ. எம்.டி.எஃப். பலகைக்கு ஒரு பக்கம் பூச்சு பூசினேன். காய்ந்ததும் வில்லாக வளைந்து நிற்கிறது.

முப்பரிமாண அச்சு எந்திரம் வாங்குங்கள் என்று மட்டும் சொல்ல வேண்டாம். அது நல்ல கருவிதான். ஆனால் இந்த வேலையை என் கை கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் ஆசை.

கடைசல்

பலகையிலிருந்து தொடங்குகிறேன் அம்மா. மற்ற எல்லாம் அதன்மேல்தான் நிற்கப்போகிறது. நான் பள்ளியில் மரவேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன்.

எம்.டி.எஃப். என்பது அழுத்திய மரநார். ஒரு முகத்தில் மட்டும் தண்ணீர் கலந்த பூச்சு பட்டால் அந்த முகத்தின் நார் உப்புகிறது. காயும்போது பூச்சும் நாரும் சேர்ந்து சுருங்கி இழுக்கின்றன. மறுமுகம் சும்மா இருக்கிறது. பலகை வளைய இதுவே காரணம். பூசுவதற்கு முன்னால் இரண்டு முகங்களையும், மறக்காமல் நான்கு விளிம்புகளையும், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷால் மூடிவிடுங்கள். ஸ்பிரிட் நாரை உப்ப வைக்காது. பிறகு உள்பக்கம் என்ன பூசுகிறீர்களோ அதே கனத்தில் வெளிப்பக்கமும் பூசுங்கள், யார் கண்ணிலும் படாத பக்கமாக இருந்தாலும் சரி. வளைந்த பலகையைத் தூக்கி எறிய வேண்டாம். குழிந்த பக்கத்தில் ஈரத்துணியால் ஒற்றி, சமதளத்தில் வைத்து, மேலே அம்மிக்கல்லோ புத்தகக் கட்டோ ஏற்றிவிடுங்கள். நன்றாகக் காய்ந்து நேரானதும் அரக்கு அடியுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அடுத்து அங்கேதான் வந்து நிற்பீர்கள்: மரத்தின் ரேகை. ஆச்சி வீட்டுத் தூண் தேக்காக இருந்திருக்கும். சிறிய தூணையும் தேக்கிலேயே செய்யத் தோன்றும். செய்யாதீர்கள். தூணைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கலாம், தேக்கின் ரேகையும் துளைகளும் சுருங்காமல் அப்படியே இருக்கும். ஒன்பது அங்குலத் தூணில் அவை விரல் தடிமனான பள்ளங்களாகக் கண்ணில் குத்தும். ரேகை நெருக்கமான வெட்பாலை போன்ற மரத்தை எடுத்து, அதற்குத் தேக்கின் நிறம் ஏற்றுங்கள். பார்ப்பவருக்கு அதுதான் தேக்காகத் தெரியும்.

நிறம் ஏற்றுவது எப்போதும் ஒட்டுவதற்கு முன்புதான். ஃபெவிகால் பட்ட இடத்தில் சாயம் இறங்காது. வெள்ளைத் திட்டாக நின்றுவிடும். பழைய மரத்தின் கருமை வேண்டுமென்றால் எஃகு நாரை வினிகரில் ஊறப்போடுங்கள். மூடியை இறுக்கக் கூடாது, வாயு வெளியேற வேண்டும். மரத்துக்கு முதலில் கெட்டித் தேயிலை டிகாக்ஷன் ஒரு கை தடவிக் காயவிட்டு, அதன்மேல் இந்த வினிகர் நீரைத் தடவுங்கள். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும். எந்த வண்ணப் புட்டியிலும் கிடைக்காத கறுப்பு அது.

தூண் கடைய உங்களிடம் பட்டறை இல்லையென்றால் அம்பாசமுத்திரம் போய்வாருங்கள். மரச்சொப்பு கடைகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். படத்தையும் அளவையும் கொடுத்துவிட்டு, கடைசல் ஓடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். உளியை எந்தச் சாய்வில் பிடிக்கிறார்கள், சுற்றும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தும்போது அந்தச் சூட்டிலேயே அது எப்படி உருகி ஏறுகிறது என்பதையெல்லாம் காணொளியில் பார்த்தால் கைக்கு வராது.

சூளைமேடு

ஓட்டைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் தாத்தா காலம் வரை ஓடு வனைந்தார்கள்.

எங்கள் பக்கம் நாட்டு ஓட்டைத் தனித்தனியாக வளைத்துச் செய்வதில்லை. சக்கரத்தில் ஒரு முனை அகலமாகவும் மறுமுனை சற்றுக் குறுகலாகவும் குழாய் வனைவார்கள். ஈரம் பாதி இறங்கியதும் நீளவாக்கில் கீறி இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு குழாய்க்கு இரண்டு ஓடு. அந்தக் குறுகலால்தான் ஒன்றின்மேல் ஒன்று செருகி உட்காருகிறது. நெளி அட்டையில் உங்களுக்கு ஓடு தெரியாததற்குக் காரணம் இதுதான்: அதில் குறுகலும் இல்லை, செருகலும் இல்லை.

அதே முறையைச் சிறியதாகச் செய்யுங்கள் அக்கா. வண்ணம் தீட்டும் தூரிகையின் கைப்பிடி ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் மெலிந்திருக்கும். அதன்மேல் சாம்பலைத் தடவிக்கொள்ளுங்கள், மண் ஒட்டாது. மண்ணை 1 மி.மீ.க்கும் குறைவான கனத்தில் தேய்த்து அதன்மேல் சுற்றுங்கள். 17 மி.மீ. துண்டுகளாக நறுக்கி, இரு பக்கமும் கீறி, பதமாகக் காய்ந்ததும் கழற்றுங்கள். காய்ந்து வெந்து முடியும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கி 15 மி.மீ.க்கு வந்துவிடும்.

மண்ணைக் கரைத்துத் துணியில் வடிகட்டாமல் தொடவே வேண்டாம். 1 மி.மீ. மணல் துகள் ஒன்று உங்கள் கூரையில் அரை அங்குலக் கூழாங்கல்லாகத் தெரியும். சுடுவதற்கு அருகில் சூளை இருந்தால், ஓடுகளை மூடியுள்ள சிறு பானைக்குள் போட்டுக் கொடுங்கள். மற்ற பாண்டங்களோடு வெந்துவிடும். சூளை இல்லையென்றால் காற்றில் உலரும் களிமண்ணில் சிவப்புக் காவியைப் பிசைந்து செய்யுங்கள். மண்ணுக்குள்ளேயே நிறம் இருந்தால் ஓரம் உடைந்தாலும் வெள்ளை தெரியாது. காவியின் அளவை மாற்றி மூன்று உருண்டைகளாகப் பிசைந்துகொண்டால் கூரை ஒரே நிறமாக இராது.

தார்சா

இருவருக்கும் மிகவும் நன்றி. தூரிகைக் கைப்பிடியில் நேற்றே செய்து பார்த்தேன். ஓடு கையில் வந்து உட்கார்ந்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது! கணக்குப் போட்டால் தெருப்பக்கச் சரிவுக்கு மட்டும் ஏறக்குறைய ஆயிரம் ஓடு வேண்டும். செய்துவிடுவேன், அதில் சலிப்பில்லை. ஓட்டுக்கு அடியில் என்ன கொடுப்பது? திண்ணையில் படுத்து மேலே பார்த்தால் பனங்கையும் (பனைமரச் சட்டம்) அதன்மேல் குறுக்கே போகும் வரிச்சும் தெரியும். அதை மறைத்துப் பலகை அடிக்க எனக்கு விருப்பமில்லை.

கடைசல்

பலகை அடிக்காதீர்கள். பனங்கைக்கு 6 மி.மீ. சட்டம் போதும். கறுப்பு மையில் நூலைத் தோய்த்து அதன்மேல் நீளமாக இழுத்தால் பனைநாரின் கோடு கிடைக்கும். வரிச்சுக்குத் தென்னை ஈர்க்கு. காய்ந்த ஈர்க்கு நேராக இருக்கும், கனமும் சரியாக வரும். ஓட்டை முதலில் மல்லாத்தி ஒரு வரிசை, இரண்டின் இடைவெளியை மூடிக் கவிழ்த்து அடுத்த வரிசை. கீழிருந்து மேலே அடுக்கிக்கொண்டு போங்கள், கொத்தனார் போவதுபோலவே.

சாந்துச்சட்டி

நான் கட்டடக்கலை மாதிரிகள் செய்கிறவன். பெரியவரோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். சுவருக்கு எம்.டி.எஃப். எதற்கு? சன்போர்டு என்ற பிளாஸ்டிக் பலகை எடுத்தால் தண்ணீரே குடிக்காது, வளையவும் வளையாது.

தரைக்கு வருகிறேன். மினுமினுப்பும் அளவுக்கு ஏற்பக் குறைய வேண்டும். வார்னிஷ் பளபளப்பு ஒரு கனமான கண்ணாடிப் படலம். 1:12 தரையில் அது ஓர் அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கியதுபோல் ஆகிவிடும். காவிச் சிவப்பு அக்ரிலிக் வண்ணத்தை மெல்லிய படலங்களாக ஏற்றுங்கள். நன்றாகக் காய்ந்தபின் 400, 800, 1500, 2000 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். கடைசியில் நிறமில்லாத மெழுகு பாலிஷைத் துளி எடுத்துத் துணியால் தேய்த்தால் போதும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்க்காதீர்கள். வாசலிலிருந்து பட்டாசலுக்கு ஆட்கள் நடந்த தடத்தில் அழுத்தித் தேயுங்கள், மூலைகளை மங்கலாக விட்டுவிடுங்கள். ஓரத்தில் கறுப்புப் பட்டை இருந்ததா என்று உங்கள் சித்தியிடம் கேளுங்கள். பல வீடுகளில் இருந்தது.

விளக்கு வைப்பதாக இருந்தால், பூசுவதற்கு முன்பே சுவரில் கம்பிக்கு வழி கீறிவிடுங்கள். மஞ்சள் வெளிச்ச எல்.இ.டி., கைப்பேசிக்கு மின்னேற்றும் 5 வோல்ட், விளக்கு ஒன்றுக்கு 220 ஓம் மின்தடை. பிரகாசம் கூடுதல் என்று தோன்றினால் தடையின் மதிப்பைக் கூட்டுங்கள். பழைய வீட்டின் தார்சாவில் அரையிருட்டுதான் அழகு.

கடைசல்

சன்போர்டு வளையாது, உண்மை. ஆனால் அம்மா சுண்ணாம்பு அடிக்கப்போகிறார் என்று நினைக்கிறேன். பிளாஸ்டிக் பலகையில் சுண்ணாம்புக்குப் பிடிமானம் கிடையாது, செதிலாக உரியும். அரக்கு அடித்த பலகையை உப்புத்தாளால் உரசி, சாக்பீஸ் பொடியும் ஃபெவிகாலும் குழைத்து மெல்லப் பூசினால் தண்ணீரை உறிஞ்சும் சுவர் கிடைக்கும். அதன்மேல் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீராகக் கரைத்து, துளி நீலம் விட்டு, இரண்டு மூன்று முறை அடியுங்கள். ஈரத்தில் ஒன்றும் தெரியாது. காயக் காயத்தான் வெளுக்கும். நாள்பட்ட சுண்ணாம்புச் சுவரின் மென்மை எந்தப் பெயின்டிலும் வராது என்பது என் உறுதியான எண்ணம்.

சாந்துச்சட்டி

சுண்ணாம்பு என்றால் நீங்கள் சொல்வதே சரி ஐயா.

கொடித்துணி

துணியை யாரும் சொல்லவில்லையே. முற்றத்துக் கொடியில் சேலை காயப்போட வேண்டும் அல்லவா? துணியின் விறைப்பு சுருங்காது. கைக்குட்டைத் துணியைத் தொங்கவிட்டால் அட்டைபோல் நிற்கும். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழியுங்கள். சோற்றுக் கஞ்சியில் நனைத்து, மடிப்புகளைக் குண்டூசியால் பிடித்துக் காயவையுங்கள். ஊசியை எடுத்தபின் மடிப்பு அப்படியே நிற்கும்.

பாத்திரம் வாங்கும்போது அளவுகோல் கையில் இருக்கட்டும் அக்கா. திருவிழாக் கடைப் பித்தளைச் செப்புகள் அழகானவைதான், ஆனால் ஒரே பெட்டியிலேயே அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தாது. பத்து அங்குல உயரக் குடம் உங்கள் வீட்டில் 2 செ.மீ.தான் இருக்க வேண்டும்.

ஏழாம்படி

கடைசல் ஐயா அம்பாசமுத்திரம் போகச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற பெண்மணியின் பொம்மை வீடு இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. அதற்கான பொருள்களை அந்தந்தத் தொழில் தெரிந்தவர்களிடமே செய்து வாங்கினார். 1924இல் முடிந்த ராணி மேரியின் பொம்மை வீடும் அப்படித்தான். புதுடெல்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ் திட்டமிட்டது, நீங்கள் கட்டும் அதே 1:12 அளவு. குழாயில் தண்ணீர்கூட வரும். இன்று வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது. குயவர், கடைசல்காரர், கொத்தனார் எல்லோரும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கும்போது நாம் கேட்டுக் கற்றுக்கொள்வதில் என்ன தயக்கம்?

தார்சா

சித்தியிடம் கேட்டுவிட்டேன். கறுப்புப் பட்டை இருந்ததாம், நான்கு விரல் அகலத்தில். அதைச் சொல்லிவிட்டு அவர் அந்தத் தரையில் தாயக்கட்டம் கீறி அடி வாங்கிய கதையையும் சொன்னார். அந்தக் கட்டத்தையும் கீறப்போகிறேன்.

கடைசியாக ஒன்று. வாசல் கதவின் தாழ்ப்பாளுக்குப் பித்தளைத் தகடு என்ன கனத்தில் வாங்குவது? வெட்டும்போது சுருண்டுகொள்கிறது.

கடைசல்

0.3 மி.மீ. போதும். அடுப்பில் இடுக்கியால் பிடித்து மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சி, ஆறவிட்டு, பிறகு வெட்டுங்கள். தகடு மெத்தென்று ஆகிவிடும், மடக்கினாலும் விரிசல் விடாது. கத்தரிக்கோல் சுருட்டிவிடும், தகட்டை மரக்கட்டையில் ஒட்டி நகைப்பட்டறை வாளால் அறுங்கள். தாழ்ப்பாள் ஓடும் வளையத்தை முதலில் செய்துகொண்டு, அதற்குள் நுழையும் அளவுக்குக் கம்பியை அரத்தால் தேய்த்துக் கொண்டுவாருங்கள். கதவுக் குமிழ்களுக்குப் பித்தளைக் குண்டூசித் தலைகளே போதும்.