லூப் ப்ளக் செருகிப் பார்த்த கதைகள்

இரவுப்பணி:
லைன் படுத்துவிட்டால் கோளாறு நம் பெட்டியிலா, லைன்காரர் பக்கமா என்று போனில் மல்லுக்கட்டுவதைவிட, ஓர் ஆர்ஜே-45 தலையில் (நெட்வொர்க் கேபிள் நுனியில் இருக்கும் ப்ளக்) இரண்டு துண்டு வயரைக் கிரிம்ப் செய்து, அனுப்பியதை அப்படியே நம் பெட்டிக்கே திருப்பும் லூப் ப்ளக்காகப் பையில் வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல். ஈ1, டி1 (லீஸ்டு லைன், அதாவது வாடகைக்கு எடுக்கும் தனி இணைப்பின் வகைகள்) போர்ட்டுக்கு 1-ம் 4-ம், 2-ம் 5-ம் பின்கள் சேர வேண்டும். 100 எம்பி ஈதர்நெட்டுக்கு 1-3, 2-6. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், டேப் சுற்றி வையுங்கள்.

ஒரு கிளை அலுவலகம். 2 எம்பி லீஸ்டு லைன் காலையிலிருந்து விட்டுவிட்டு வருகிறது. "எங்க பக்கம் கிளியர் சார், உங்க ரவுட்டரைப் பாருங்க" என்றார்கள் லைன்காரர்கள். கேபிளைக் கழற்றி ப்ளக்கைச் செருகினேன். கிளாக்கை (பிட்டுகளுக்கான நேரத் துடிப்பை) ரவுட்டரே தரும்படி இன்டர்னலுக்கு மாற்றினேன். எதிர்முனையே இல்லாதபோது கிளாக் எங்கிருந்து வரும்? எச்டிஎல்சி (லைனில் டேட்டாவைக் கட்டி அனுப்பும் முறை) ஓடும் சிஸ்கோ பெட்டி அது, "அப் (லூப்டு)" என்று, அதாவது அனுப்பியது தனக்கே திரும்புகிறது என்று காட்டியது. பலர் இத்தோடு திருப்திப்பட்டுவிடுகிறார்கள். சொந்த ஐபிக்கே 1500 பைட் பிங் (பதில் கேட்டு அனுப்பும் சோதனைப் பாக்கெட்) விட வேண்டும், முதலில் முழுக்கப் பூஜ்யம், பிறகு முழுக்க ஒன்று. எச்டிபி3 (நீளமான பூஜ்ய வரிசையை லைனில் அனுப்ப உதவும் குறியீட்டு முறை) தகராறு இருந்தால் பூஜ்யம் ஓடும்போதுதான் பல்லிளிக்கும். எனக்கு ஒரு பாக்கெட்கூட விழவில்லை, சிஆர்சி பிழை எண் அசையவில்லை. அந்த அவுட்புட்டை மெயிலில் போட்ட பிறகுதான் ஆள் வந்தார். தரைத்தளத்தில் லைன் வயர்கள் இணையும் க்ரோன் பெட்டியில் பச்சை பூத்த வயர் ஜோடி!

பேட்ச்கார்டு:
இந்த பிங் ஈதர்நெட்டில் செல்லாது. சொந்த ஐபிக்கு ரவுட்டர் உள்ளுக்குள்ளேயே பதில் சொல்லிவிடும், பாக்கெட் வாசலைத் தாண்டவே தாண்டாது. ஜூனிபரில் நான், அதே சப்நெட்டில் (ஐபி வரிசையில்) யாரும் வைத்திராத ஐபிக்குப் போர்ட்டின் சொந்த மேக் முகவரியை (வன்பொருள் முகவரி) ஸ்டேட்டிக் ஏஆர்பி-யாக, அதாவது எந்த ஐபிக்கு எந்த மேக் என்ற பட்டியலில் கையால், எழுதிவிட்டு, அந்த ஐபியை பிங் செய்வேன். பாக்கெட் போய்த் திரும்பி, மறுபடி போய், டிடிஎல் (பாக்கெட் இன்னும் எத்தனை தாவல் பிழைக்கும் என்ற எண்) தீரும்வரை சுற்றும். "டைம் டு லிவ் எக்ஸீடட்" என்று வரிசையாக வந்தால் போர்ட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் இதைப் பார்த்து "எல்லாம் ஃபெயில் சார்" என்று கார்டை மாற்றச் சொல்லி டிக்கெட்டே எழுதிவிட்டான்.

சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் சுவிட்ச் என்றால் முதலில் "நோ கீப்அலைவ்" கொடுங்கள். தான் அனுப்பிய கீப்அலைவ் (உயிரோடு இருக்கிறேன் என்ற சிறு செய்தி) தனக்கே திரும்பி வந்தால் சுவிட்ச் அந்தப் போர்ட்டை எர்-டிசேபிளில் தள்ளி மூடிவிடும்.

மலைக்கோபுரம்:
ஃபைபர்காரர்களுக்கு: 10 ஜி எல்ஆர் ஆப்டிக்கில் (ஒளியை அனுப்பி வாங்கும் சிறு மாட்யூல்) ஒரு பேட்ச்கார்டை (குட்டி ஃபைபர் வயர்) நேரடியாக வளைத்துச் செருகலாம். 40 கி.மீ. தூரத்துக்கான ஈஆர் ஆப்டிக்கில் அந்தக் கையோடு செருகிவிடாதீர்கள். அது +4 டிபிஎம் (ஒளியின் வலு அளவு) வரை அனுப்பக்கூடியது, வாங்கும் பக்கம் −1-க்கு மேல் தாங்காது. நடுவில் ஒளியைக் குறைக்கும் 10 டிபி அட்டென்யுவேட்டர் போடுங்கள். 80 கி.மீ. ஆப்டிக்கின் வாங்கும் பக்கம் இன்னும் நோஞ்சான். ஒரே இழையில் அனுப்பவும் வாங்கவும் செய்யும் பைடை ஆப்டிக்குக்கு லூப் பேச்சே எடுக்க வேண்டாம், போகும் அலைநீளம் வேறு, வரும் அலைநீளம் வேறு.

இரவுப்பணி:
@மலைக்கோபுரம் ஈஆர் விஷயத்தை எங்கள் ஸ்டோரில் எழுதி ஒட்டப்போகிறேன். அட்டென்யுவேட்டர் கேட்டால் "எதுக்கு சார்" என்கிறார்கள்.